பதினொன்றில் நின்ற முள்

ஓலீட்டா ஸ்டிட்டம் ஒரு புருஷனோடும் மூன்று கேனர்களோடும் குடும்பம் நடத்தியவள் என்று அவள் நாத்தனார் ஆர்வெல்லா தேவாலயத்து விருந்துகளில் சொல்லிச் சிரிப்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. கென்டக்கியின் கிழக்கு மலைகளில், ஸ்லேட் ஓடைக்கரையில், கேனர் இல்லாத வீட்டைக் குளிர்காலம் பார்த்துக்கொள்ளாது. காயையும் கறியையும் கண்ணாடி ஜாடியில் அடைத்து, ஜாடியோடு ஆவியில் அவித்து எடுக்கிற பெரிய பிரஷர் பானை அது. பக்குவமாக அவித்த ஜாடி இரண்டு வருஷம் அலமாரியில் இருக்கும். பக்குவம் தப்பிய ஜாடியும் அதே அலமாரியில் அதே நிறத்தில்தான் இருக்கும். வாடை வராது, நுரை வராது, மூடி உப்பாமலும் இருக்கலாம். உள்ளே நஞ்சு ஊறியிருக்கும். அந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு வந்த முதல் கேனர் மெல்லிய அலுமினியம். நாலே வருஷத்தில் அடி வளைந்து, அடுப்பில் வைத்தால் தட்டாமாலை ஆடியது. இரண்டாவதுக்கு மூடியை அடைக்க ரப்பர் வளையம், கேஸ்கெட். பீன்ஸ் காய்த்துத் தள்ளுகிற ஆகஸ்டு மாதத்தில்தான் அந்த கேஸ்கெட் வெடிக்கும். கடையில் கேட்டால் அந்த அளவு மட்டும் இருக்காது. ஒரு வருஷம் நாற்பது ஜாடிக்கு ஆகிற பீன்ஸ் அடைக்க வழியில்லாமல் வாடிப்போனது. அன்றைக்கு ஓலீட்டா முடிவு செய்தாள், இனி ரப்பர் இருக்கிற எதையும் நம்புவதில்லை.

மூன்றாவதை அவளே தேடிப் பிடித்தாள். ஒரு வீட்டு ஏலத்தில் கோழிக்கூண்டுகளுக்கு நடுவே கிடந்தது. வார்ப்பு அலுமினியம், வெறும் பானையைத் தூக்கவே இடுப்பு கேட்கும். மூடிக்கும் பானைக்கும் நடுவில் ரப்பர் கிடையாது, உலோகத்தின் மேல் உலோகம் உட்கார்ந்து ஆவியை அடைத்துக்கொள்ளும். சுற்றிலும் காது வைத்த ஆறு நட்டுகள். மூடியின் மேல் ஆவியை விட ஒரு சின்னத் திருகு, பக்கத்தில் கைக்கடிகாரம் போல, அழுத்தம் காட்டுகிற ஒரு மானி. வாங்குமுன் அவள் விளிம்பைச் சுற்றி விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள், சிராய்ப்பு இருக்கிறதா என்று. சமதளமான மேசையில் கவிழ்த்து ஆட்டிப் பார்த்தாள். மூடியை வெளிச்சத்துக்குப் பிடித்து ஆவித் துளையில் கண்ணை வைத்தாள். ஏலம் போடுகிறவன், "அம்மா, மாடா வாங்குறீங்க, பல்லப் புடிச்சிப் பாக்குறீங்க?" என்று கேட்டான்.

ஆர்வெல்லாவிடம் இருந்தது வேறு ரகம். அதில் மானி கிடையாது, துளையின் மேல் ஒரு வெயிட் உட்கார்ந்திருக்கும். அழுத்தம் ஏறியதும் அது ஆடத் தொடங்கும். கடகடவென்று வீடு முழுக்க ஓயாத சத்தம். ஓலீட்டாவுக்கு அது ஆகாது. "உன் வீட்டுக்குள்ள காலு வச்சா கிலுகிலுப்பப் பாம்பு மேல வச்ச மாதிரி இருக்கு" என்பாள். தன்னுடையது வாயைத் திறக்காது. முள் பதினொன்றில், பதினொரு பவுண்டு அழுத்தத்தில், நிற்க வேண்டும், நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும்.

"சத்தம் பொய் சொல்லாது அண்ணி. முள்ளு சொல்லும்" என்று ஆர்வெல்லா ஒருமுறை சொன்னாள்.

"என் முள்ளு சொல்லாது" என்றாள் ஓலீட்டா.

சொல்லாதபடி பார்த்துக்கொண்டாள் என்பதும் உண்மைதான். விளிம்பில் கரண்டியால் தட்டி உதற யாரையும் விடமாட்டாள். ஒரு பள்ளம் விழுந்தால் ஆவி அந்த வழியே போய்விடும். ஒவ்வொரு தடவையும் விளிம்பில் வாசலினை விரல் நுனியால் மெல்லத் தடவுவாள், மூடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. நட்டுகளை எதிரெதிராக இரண்டிரண்டாகத்தான் முடுக்குவாள். ஒரு பக்கமாக முடுக்கினால் மூடி சாய்ந்துவிடும். ஆவித் துளையில் நூலை விட்டு இழுப்பாள். பானையைத் தேய்த்துக் கழுவலாம், மூடியைத் தண்ணீரில் முக்கக்கூடாது, மானிக்குள் ஈரம் போய்விடும். ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. மே மாதம் பிறந்தால் மூடியை ஒரு போர்வையில் சுற்றி, மாவட்ட வேளாண் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மானியைச் சோதித்து வருவாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு வருஷம் தவறவில்லை.

தவறியது இந்த வருஷம்தான். மே மாதம் அவள் புருஷன் பர்லுக்கு மூச்சு முட்டி இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. முப்பத்தொரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் குனிந்தே கிடந்தவனுக்கு நெஞ்சுக்குள் கரி கல்லாகிவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீடு திரும்பினான். ஜூன் முழுக்க அவனைத் தூக்கி உட்கார வைப்பதிலேயே போனது. ஜூலையில் ஓடை வீட்டுக்குள் வந்தது.

வெள்ளம் வடிந்தபோது அடுப்படியில் முழங்கால் அளவு சேறு. அடி அலமாரியில் இருந்த கேனரை ஓலீட்டா இரண்டு கையாலும் தோண்டி எடுத்தாள். குளிர்சாதனப் பெட்டி போயிற்று, மேசை போயிற்று, தோட்டம் ஓடையோடு போயிற்று. கேனருக்கு ஒரு கீறல் இல்லை. குழாயடியில் வைத்து, மூடி, மானி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அலசினாள். ஏற்கெனவே மூன்று நாள் சேற்றில் ஊறியதை இனி ஈரத்துணியால் துடைத்து என்ன ஆகப்போகிறது? காய்ந்ததும் முள் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நின்றது. அன்றைக்கு அவள் முதல்முறையாக அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "பாத்தியா பர்ல், இதுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள்.

ஆகஸ்டில் மலை மேட்டில் இருக்கும் தூரத்து உறவுக்காரர் மூட்டை மூட்டையாக பீன்ஸ் கொடுத்தார். பத்து நாள் உட்கார்ந்து நார் உரித்து, ஒடித்து, நாற்பத்தாறு ஜாடி அவித்தாள். ஒவ்வொரு தடவையும் முள் பதினொன்றில் ஆடாமல் நின்றது. எட்டு ஜாடியை ஆர்வெல்லாவுக்கும் தேவாலயத்துக்கும் கொடுத்தாள். மிச்சத்தைப் புது அலமாரியில் அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, குளிர்காலத்தைத் தாண்டிவிடலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

வேளாண் அலுவலகமும் வெள்ளத்தில் மூழ்கியதுதான். செப்டம்பரில் பள்ளிக்கூட அறை ஒன்றில் திரும்பத் திறந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பர்லுக்கு மதியத்துக்கு ஒரு ஜாடி பீன்ஸும் சோள ரொட்டியும் வெங்காயமும் எடுத்து வைத்துவிட்டு, ஓலீட்டா மூடியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். சோதனை ஒரு சம்பிரதாயம் என்றுதான் நினைத்தாள். நாலு பேரைப் பார்த்துப் பேசி வரலாம்.

சோதிக்கிற லொரீன் பெக்லி, இவளுடைய தேவாலயத்துக்காரி, மானியைக் கழற்றித் தன் கருவியில் திருகினாள். இரண்டு மானிகள் அருகருகே, ஒன்று சரியானது, ஒன்று ஓலீட்டாவுடையது. கைப்பம்பை அழுத்தினாள். ஓலீட்டாவின் முள் மெதுவாக எழுந்து பதினொன்றில் வந்து நின்றது. லொரீன் பம்பை நிறுத்தினாள். பக்கத்து முள் ஐந்தில் நின்றது.

லொரீன் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினாள். மறுபடியும் பதினொன்று, ஐந்து. முள் பதினொன்று என்றபோதெல்லாம் பானைக்குள் ஐந்துதான் இருந்திருக்கிறது; நஞ்சு ஊறாமல் தடுக்க அந்தச் சூடு போதாது.

"சிஸ்டர் ஓலீட்டா, இது தண்ணிக்குள்ள போச்சா?"

ஆமென்று ஓலீட்டா தலையை ஆட்டினாள்.

"இத வச்சு எதாவது அவிச்சீங்களா?"

"நாப்பத்தாறு ஜாடி" என்றாள் ஓலீட்டா. லொரீன் நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தாள். பீன்ஸ் யாருக்குப் போயிருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். ஓலீட்டா சொல்லச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த மலையில் பீன்ஸ் சமைப்பது என்றால் உப்புப் பன்றிக்கொழுப்போடு போட்டு அரை நாள் கொதிக்கவிடுவது. அவ்வளவு கொதித்தால் நஞ்சு நிற்காது. அலுவலகத் தொலைபேசியில் ஆர்வெல்லாவைக் கூப்பிட்டார்கள்.

"எங்க வீட்டு பீன்ஸா? அதோட பேரு அதுக்கே மறந்து போற வரைக்கும் கொதிக்க விடுவேன் அண்ணி" என்றாள் ஆர்வெல்லா. தேவாலயத்துப் பானையையும் அவள்தான் காலை ஆறு மணிக்கு அடுப்பில் ஏற்றினாளாம், பகல் விருந்துக்கு. மிச்ச ஜாடிகளைத் திறக்கவே மாட்டேன் என்றாள். பிறகு கேட்டாள்: "எங்கண்ணன்?"

அப்போதுதான் ஓலீட்டாவுக்கு அவன் நினைவு வந்தது. சுரங்கத்துக்கு முப்பத்தொரு வருஷம் தூக்குவாளியில் பீன்ஸ் கொண்டுபோனவன் பர்ல். பூமிக்கடியில் அடுப்பு ஏது? ஜாடியைத் திறந்து, சில்லென்று, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு தின்பான். ஓய்வு பெற்ற பிறகும் பகல் சாப்பாடு அதுதான். சூடாக்கினால் ருசி போய்விடும் என்பான். இந்த மலையில் பீன்ஸைக் கொதிக்க வைக்காமல் தின்கிற ஒரே ஆள் அவள் புருஷன். காலையில் ஜாடியை எடுத்து அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தது அவள் கை.

வீட்டுக்குத் தொலைபேசி அடித்தாள். அவன் எடுக்கவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு கம்பி பாதி நாள் செத்துத்தான் கிடக்கும். நாற்பது நிமிஷ மலைப்பாதையில் வண்டியை எப்படி ஓட்டினாள் என்று பிறகு அவளுக்கு நினைவே வரவில்லை. மூடி போர்வையோடு பக்கத்து இருக்கையில் உருண்டு உருண்டு கதவில் மோதியது. இருபத்திரண்டு வருஷம் அந்த மூடியை ஒரு மேசையில்கூட சத்தத்தோடு வைத்ததில்லை அவள்.

பர்ல் நாற்காலியில் குழாயோடு உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் காலி ஜாடி. அடியில் ஒரு பீன்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நல்லா இருந்துச்சு."

"முழுசாவா?"

"காலி ஜாடியத்தான புடிச்சிருக்கேன். என்ன கிழவி, பேயறஞ்ச மாதிரி நிக்குற?"

அவள் சொன்னாள். பர்ல் கேட்டுக்கொண்டே இருந்தான். முகம் மாறியது, ஆனால் அவள் பயந்த மாதிரி மாறவில்லை. என்னவோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டான். அதை அவள் பயம் என்றே எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் அவன் கண்களில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நர்ஸ் அவனை எடை மேடையில் ஏற்றி, "நூத்திப் பதினெட்டு பவுண்டு" என்றாள். டாக்டர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஓலீட்டா அதைக் காதில் வாங்கவே இல்லை. அவள் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதைக்கு அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் நாளையும் வரலாம், பத்து நாள் கழித்தும் வரலாம் என்றார். கண் இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். நஞ்சை முறிக்கும் மருந்தை விமானத்தில் வரவழைக்க வேண்டும். இங்கேயே தங்கட்டும் என்றார். பர்ல் மறுத்துவிட்டான். மே மாதம் அந்தக் கட்டிலில் படுத்தது போதும் என்றான். அவனோடு வாதாட டாக்டருக்குப் பழக்கமில்லை, ஓலீட்டாவுக்குத் தெம்பில்லை.

அறிகுறிகளை எழுதிய தாளை மடித்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மூச்சு நிற்கும் என்று அதில் கடைசியாக எழுதியிருந்தது. பர்லின் மூச்சு பத்து வருஷமாகவே நின்று நின்றுதான் போகிறது. எந்த மூச்சைப் பார்த்து அவள் பதறுவது? பேச்சு நடுவில் அறுகிறது. அது கரியா, நஞ்சா? தண்ணீர் குடிக்கையில் புரையேறுகிறது. போன வாரமும் ஏறியது. தாளில் இருந்த ஒவ்வொன்றும் ஏற்கெனவே அவனிடம் பாதி இருந்தது. நம்பிக்கையாகப் பார்க்க மிஞ்சியது கண் ஒன்றுதான்.

லொரீன் கழற்றித் திருப்பிக் கொடுத்த மானி அவள் கோட்டுப் பையில் கிடந்தது. புதன்கிழமை காலை அதை எடுத்து அவன் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

"முள்ளு எங்க நிக்குது?"

"பூஜ்யத்துல."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

ஒரு மணிக்கு ஒருமுறை கேட்டாள். பகல் சாப்பாட்டுக்கு முன் அவன், "முள்ளு ஒண்ணு, பொண்டாட்டி ரெண்டு" என்றான். அவள் கையிலிருந்த மானி தரையில் விழுந்தது. சாவியைத் தேடிக் கதவுவரை ஓடிவிட்டாள். கை ஓடவில்லை, கால்தான் ஓடியது. அவன் சிரிக்க முயன்று இருமத் தொடங்கி, இருமல் நிற்க கால்மணி நேரம் ஆனது. முதுகைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்: "இன்னொரு தடவ இப்படிப் பேசினா நானே உன்னக் கொன்னுருவேன்."

"அதான் ஏற்கெனவே பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டு சுத்துறியே" என்றான் பர்ல். சொன்ன பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை. கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. அடுப்படிக்குப் போய், புது அலமாரியில் வரிசையாக நின்ற ஜாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெளிந்த நீரில் பச்சை மங்காத பீன்ஸ். அவற்றைவிட அழகான ஜாடிகளை அவள் வாழ்நாளில் அடைத்ததில்லை.

கோழிகளுக்குத் தீனி வைப்பது பர்லின் வேலை. வீட்டில் அவனுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே வேலை. பின்வாசல் படியில் நின்று வீசுவான், அவை வரும். புதன்கிழமை அவனை எழவே விடாமல் அவளே போய், கூட்டைப் பார்க்காமல் மக்காச்சோளத்தைக் கொட்டிவிட்டு ஓடிவந்தாள். வியாழக்கிழமை காலை போனபோது சோளம் அப்படியே கிடந்தது.

மூன்று கோழிகள் படிக்குக் கீழே மண்ணில் படுத்திருந்தன. கண் திறந்திருந்தது. ஓலீட்டா ஒன்றைத் தூக்கினாள். கழுத்து ஈரத்துணி போல அவள் மணிக்கட்டில் தொங்கியது. கோழிக்கு உயிர் இருந்தது, தலையைத் தூக்கத்தான் பலம் இல்லை.

கழுத்துத் தொங்கல். கெட்டதைத் தின்ற கோழிக்கு வருவது. பண்ணையில் வளர்ந்த யாருக்கும் அது தெரியும். அவள் முதலில் நினைத்தது ஒன்றைத்தான்: ஜாடியில் நஞ்சு இருந்தது, இனிச் சந்தேகம் இல்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். கோழி மடியில் கிடந்தது. அவன் போய்விடுவான். இன்றைக்கோ, அடுத்த வாரமோ, அவள் எடுத்து வைத்த பீன்ஸைத் தின்று போய்விடுவான்.

பிறகுதான், மெதுவாக, இன்னொன்று மேலே வந்தது. அவன் தின்ற பீன்ஸ் கோழிக்கு எப்படிப் போனது?

அவள் கோழியோடே உள்ளே வந்தாள். சேறு பட்ட காலோடு, தொங்குகிற கழுத்தோடு அவன் முன்னால் நின்றாள். பர்ல் கோழியைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

"எவ்வளவு போட்ட?"

அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்தான்.

"பர்ல். எவ்வளவு தின்ன, எவ்வளவு கோழிக்குப் போட்ட?"

"எல்லாத்தையும்."

"ஒரு வாய் கூட...?"

"ஒரு வாய் கூட இல்ல."

அவள் சுவரில் சாய்ந்தாள். சந்தோஷம் என்று சொல்வதா அதை? அவனைத் திட்ட வேண்டும், இரண்டு நாள், முள்ளைக் காட்டிக் காட்டி இரண்டு நாள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா. கேட்க வாயைத் திறந்தவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"ஏன் திங்கல?"

"மென்னா மூச்சு வாங்குது. முழுங்குனா மூச்சு நிக்குது. ரெண்டும் ஒண்ணா முடியல."

"எத்தன நாளா?"

"வெள்ளத்துக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. ஒரு மாசமா சுத்தமா முடியல." அவன் நிறுத்தி, மூச்சை எடுத்துக்கொண்டான். "சொன்னா வயித்துல குழாயச் சொருகுவாங்க. மே மாசமே சொன்னாங்கல்ல. நீயும் சேத்துல கிடந்து அவிச்சு எடுத்த பீன்ஸ். வேணாம்னு எப்படிச் சொல்றது? அன்னிக்கு நீ நஞ்சுன்னு சொன்னப்போ சொல்லிரலாம்னுதான் வந்தேன். ரெண்டு நாள்ல உனக்கு ஆறிடும்னு நெனச்சேன்."

ஒரு மாதமாக நடந்ததெல்லாம் அவளுக்குப் பின்னோக்கி ஓடியது. பகலில் காலி ஜாடி, காலித் தட்டு. ராத்திரி, "பகல்ல நெறைய தின்னுட்டேன்" என்று இரண்டு கரண்டிக் குழம்பு. கொழுத்துக்கொண்டே போன கோழிகள். அவன் இடுப்பு வாரில் ஆணியால் குத்திய புதுத் துளை. அதற்குப் பக்கத்தில் அதைவிடப் புதுத் துளை. நூற்றுப் பதினெட்டு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. மே மாதம் அவன் நூற்று ஐம்பத்திரண்டு பவுண்டு இருந்தான். காலி ஜாடியைப் பார்த்தாள், சாப்பிட்டான் என்று நம்பினாள். பதினொன்றைப் பார்த்த மாதிரியே.

கோழி அவள் கையிலேயே செத்தது.

ஆர்வெல்லா தன் வண்டியில் வந்தாள். அதற்குள் மற்ற இரண்டும் செத்திருந்தன. இருவருமாக மூன்றையும் ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். மீதி இருந்த எல்லா ஜாடிகளையும் திறக்காமலே இரட்டைப் பையில் கட்டி, குப்பை வண்டிக்கு வைத்தார்கள். அலமாரி வெறுமையாக நின்றது. ஆர்வெல்லா வழக்கமான கேலி எதுவும் பேசவில்லை. போகும்போது தன் கேனரின் வெயிட்டை அதன் குழாயோடு மேசையில் வைத்தாள். "அந்தத் திருகக் கழட்டிட்டு இத மாட்டுங்க அண்ணி. மரை சேரும், பாத்துட்டேன். புது மானி வர்ற வரைக்கும்." சாறு வைக்க, உரித்த கோழி இரண்டு தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள்.

வெயிட் சேர்ந்தது. மானி இருந்த துளையை அந்தப் பழைய மானியையே திருகி அடைத்தாள். சனிக்கிழமை ஓலீட்டா கோழிச்சாற்றை வடிகட்டி, சின்ன ஜாடிகளில் அடைத்தாள். விளிம்பில் வாசலின். நட்டுகள் இரண்டிரண்டாக. பத்து நிமிஷம் ஆவியை விட்டு, வெயிட்டை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது ஆடத் தொடங்கியது.

"அந்த சனியன நிறுத்தேன்" என்றான் பர்ல் அறையிலிருந்து. "ஆர்வெல்லா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

"ஆடட்டும்."

வயிற்றில் குழாய் போட்டுக்கொள்ளச் சொல்லி அவள் ஒருமுறை கேட்டாள். அவன் வேண்டாம் என்றான். இரண்டாவது முறை கேட்கவில்லை. ஆஸ்பத்திரித் தாளைக் கவிழ்த்துப் பின்பக்கம் அன்றைய தேதியையும் போட்டாள். ஒரு கிண்ணத்தில் சாற்றை எடுத்துக்கொண்டு போய், அவன் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்தாள். இனி அவன் பக்கத்தில் அவள் எதையும் வைத்துவிட்டுப் போகப்போவதில்லை. கரண்டி அவன் வாய்க்குள் போவதையும் தொண்டை ஏறி இறங்குவதையும் பார்த்தாள். நடுவில் அவன் மூச்சுக்காகக் காத்திருந்தாள். அடுப்படியில் வெயிட் கடகடத்துக்கொண்டிருந்தது.

"எண்ணாத கிழவி. எண்ணினா முழுங்க முடியல."

"எண்ணல."

உதடு அசையாமல் எண்ணினாள். ஏழாவது கரண்டிக்கு அவன் கையைத் தூக்கிப் போதும் என்றான். தாளில் எழுதினாள், ஏழு. அதற்கு மேல், நேற்றைய தேதிக்கு நேராக, ஒன்பது என்று இருந்தது.